உப்புப் பார்க்காத மொய்ங்கா

என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்ததுமே உப்புக் கேட்டார்.

எனக்கு நம்ப முடியவில்லை. சமைத்தவள் என் ஓரகத்தி ராமலட்சுமி. ரசம் வைத்தால்கூட கொஞ்சம் கொஞ்சமாக உப்பைப் போட்டு, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத்தான் இறக்குவாள். இவள் ருசி பார்த்தே பாதிச் சட்டி காலியாகிவிடும் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அதுவும் விருந்தாளி உட்கார்ந்திருக்கிற பந்தியில்.

விருந்தாளி பாலவனத்தம் தனுஷ்கோடி அண்ணன். ரங்கூனில் ராமலட்சுமியின் வீட்டுக்காரர், என் கொழுந்தனார் சுப்புராஜின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, போன வாரம்தான் ஊர் வந்து சேர்ந்தார்.

பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம், ராமலட்சுமி மகளோடு கப்பலேறிப் பாளையம்பட்டிக்கு வந்தாள். கொழுந்தனார் அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி நின்றுகொண்டார். அந்த அடுத்த கப்பல் ஐந்து வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வருஷமாகத் தபாலும் இல்லை.

மகள் முத்துமாரிக்கு இந்த ஆவணியில் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் இருக்கிறாரா இல்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லையென்றால் ஒரு வருஷத்துக்கு வாசலில் பந்தல் போட முடியாது. ஒரு வருஷம் காத்திருக்கிற ஆட்களும் இல்லை அவர்கள்.

நேற்று தனுஷ்கோடி அண்ணன் வந்து எங்கள் வயிற்றில் பாலை வார்த்தார். சுப்புராஜ் சுகமாக இருக்கிறாராம். பயணக் காகிதம் கைக்கு வந்ததும் கிளம்பிவிடுவாராம். தை பிறப்பதற்குள் ஊரில் இருப்பாராம்.

வீடே மூச்சு விட்டது.

அப்புறம் பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பியது. விடிந்ததும் தெருமுனையில் மொய்ங்கா சாப்பிடாமல் கொழுந்தனார் கடை திறக்க மாட்டாராம். எலுமிச்சம்பழத்தை இன்னும் பிழி, இன்னும் பிழி என்று அதை விற்கிற பர்மாக்காரியை ஒரு வழி செய்துவிடுவாராம். என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? கொழும்பில் தாம் தின்ற ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் எடுத்துவிட்டார். குதிரைவாலிச் சோற்றுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம் என்று நான் மல்லுக்கு நின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

ராமலட்சுமி மட்டும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பஸ் ஹாரன் கேட்டதும் அண்ணன் சட்டென்று எழுந்து போனார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பிய ராமலட்சுமி, நாளைக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும், மொய்ங்கா செய்யப் போகிறேன் என்றாள்.

மொய்ங்கா என்றால் மீன் சாற்றில் இடியாப்பம். ஐந்து வருஷத்தில் நாங்கள் எத்தனையோ தடவை கேட்டும் அவள் செய்ததில்லை. அவுக வந்ததும் செய்யலாம் என்பாள். வரப்போகிற சந்தோஷத்தில் செய்கிறாள் என்று நினைத்தேன்.

காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டாள். கெளுத்தியை அவித்து முள் எடுத்தாள். வாழைத்தண்டு அரிந்து போட்டாள். கடலைமாவை வறுத்துக் கரைத்து விட்டாள். வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிற்று. முத்துமாரி கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விடப் போனாள். ராமலட்சுமி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

இப்போது பந்தியில் உப்பு பற்றவில்லை.

கல்யாண வேலையில் இவளுக்குப் புத்தி எங்கே இருக்கிறதோ என்று சொல்லிக்கொண்டே உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்தேன். என் வீட்டுக்காரர் அள்ளிப் போட்டுக்கொண்டார். தனுஷ்கோடி அண்ணனின் கை இலையிலேயே நின்றிருந்தது. அடுப்படி வாசலில் நின்ற ராமலட்சுமியை நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்த்தாள்.

நான் நீட்டிய கிண்ணத்தை அவர் இடது கையால் மறித்தார். குனிந்த தலை நிமிராமல் அத்தனையையும் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்க் காரம் என்று நினைத்துச் செம்பை நகர்த்தி வைத்தேன்.

கை கழுவியவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நான் வெற்றிலைத் தட்டோடு பின்னால் போனேன். வாசலில் ராமலட்சுமி நின்றிருந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"நேத்து வாரேன்னு சொல்லாமப் போயிட்டீக அண்ணே. இன்னைக்காவது சொல்லிட்டுப் போங்க. வீட்டுல கல்யாணம் இருக்கு."

துக்க வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் போவார்கள். அத்தனை பொய்யையும் கூசாமல் சொன்ன மனுஷருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

தனுஷ்கோடி அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, வாரேன் தாயி என்றார்.

திரும்பியவள் என்னைப் பார்த்தாள். தாலியைச் சேலைக்குள் இழுத்து விட்டுக்கொண்டாள். பலகாரத்துக்கு மாவு சலிக்க வேண்டும், நேரமாகிறது அக்கா என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. உள்ளே பிள்ளை இருந்தாள்.

அடுப்படியில் முத்துமாரி எனக்கு இலை போட்டு மொய்ங்காவும் ஊற்றி வைத்திருந்தாள். போன மாதம் ஆடி அமாவாசையில் என் மாமனாருக்குப் படையல் சமைத்தபோதும், ராமலட்சுமி இவள் கையை இப்படித்தான் தட்டிவிட்டாள். செத்தவர்களுக்குச் சமைப்பதை எங்களில் உப்புப் பார்ப்பதில்லை.

முத்துமாரி உப்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

எனக்கும் வேண்டாம் என்றேன்.