மூன்றாவது தரமும் எரிந்த தகடு

"எவனோ ஒரு படுபாவி என்ரை லொறியின்ரை உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறான்! அவன் ஆரெண்டு தெரியாமல் இண்டைக்கு நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்!"

சவுந்தரநாயகம் போட்ட சத்தத்தில், கொட்டாஞ்சேனைக் கராஜில் வேலை செய்துகொண்டிருந்த கைகளெல்லாம் ஒரு கணம் நின்றன.

சத்தம் போடாமல் மனிதர் என்ன செய்வார்? வெள்ளவத்தையில் மரக்கறிக் கடை. உலக யுத்த காலம், பெற்றோலே கூப்பனுக்குத்தான்; புது லொறி என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற ஒரே பழைய பிக்கப் லொறிக்கு இந்தக் கராஜில் போட்ட புது ஹெட் கேஸ்கட், இரண்டு மாதத்தில் மூன்றாவது தரமாக எரிந்திருக்கிறது. எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் கிடக்கிற ஒரு செம்புத் தகடுதான். அது போனால் லொறி வெறும் தகரப் பெட்டி.

இன்று காலை கொள்ளுப்பிட்டியில் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நடுறோட்டில் நின்றுவிட்டது. ஏற்றி வந்த கோவாவும் கரட்டும் மாட்டு வண்டியில் போயின. லொறி, இன்னொரு லொறியின் கயிற்றில் இழுபட்டு இங்கே வந்தது.

"மூண்டு தரம் எரிஞ்சால் அது தற்செயலோ? எதிர்க்கடைக்காரன் ஆள் வைச்சுச் செய்யிறானோ? இல்லாட்டி, தகடு விக்கிற உம்மடை கைவேலையோ?"

கராஜ்காரர் மஹ்ரூப் நிமிர்ந்து பார்த்தார்.

"முதலாளி, வாய அளந்து பேசுங்க. மூணு தகட்டுலயும் ஒங்கட பேரத்துக்குப் பொறகு எனக்கு ஒரு பிளேன்டீக்கும் மிஞ்சல்ல. ஒங்கட லொறி எரியணும்னு நான் நேர்ந்துக்கவா போறேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லொறி ட்ரைவர் நாகேந்திரத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ என்ன பல்லைக் காட்டுறாய்? ஓட்டினது நீ! உன்ரை பிழையெண்டு தெரிஞ்சால் இண்டையோடை உனக்கு வேலை இல்லை. ஏழு வருஷமெண்டும் பாக்கமாட்டன், பிள்ளைகுட்டிக்காரன் எண்டும் பாக்கமாட்டன்."

நாகேந்திரம் வாயை மூடிக்கொண்டான். முதலாளி துறைமுகத்தில் மூட்டை தூக்கி மேலே வந்தவர். சொன்னால் செய்கிற ஆள்.

மஹ்ரூப் ரேடியேற்றரைப் பார்த்தார். அடைப்பு இல்லை. எஞ்சின் மூடியின் நட் ஒன்றில் ஸ்பானரைப் போட்டார். அடுத்ததில் போட்டார். அதற்கடுத்ததிலும் போட்டார்.

"என்ன? சொல்லுமன்!" சவுந்தரநாயகம் வாசலுக்கும் லொறிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

மூடியைக் கழற்றி, அதன் அடியில் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தார் மஹ்ரூப். வளைவு இல்லை. எரிந்த தகட்டை எடுத்து, முன்பு கழற்றிய இரண்டு தகடுகளோடும் பக்கத்தில் போட்டார். மூன்றும் ஒரே இடத்தில் கருகியிருந்தன.

"எதிர்க்கடைக்காரனும் இல்ல, பேயும் இல்ல முதலாளி. நட் எல்லாம் லூஸ். ஒத்தக் கையால சுத்துது."

"இறுக்கினது நீர்தானே!"

"நான்தான். ஆனா புதுத் தகடு சூட்டுல நசிஞ்சு படியும். படிஞ்சா நட் எல்லாம் எளகிரும். அதுக்குத்தான் ஒரு நாள் ஓடினதும் திருப்பிக் கொண்டு வாங்க, கால் மணித்தியால வேலை, சும்மா இறுக்கித் தாரேன்னு மூணு தரமும் சொன்னேன். வண்டி இந்தப் பக்கம் வரவே இல்ல."

"ஆருக்குச் சொன்னீர்?"

மஹ்ரூப்பின் ஸ்பானர் நாகேந்திரத்தை நோக்கி நீண்டது.

"இந்தா நிக்கிறாரே, இவருக்கு."

நாகேந்திரம் முதலாளியை ஒரு தரம் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"ஓம் முதலாளி. மஹ்ரூப் நானா சொன்னவர். நான்தான் மறந்து போனன்."

"மூணு தரமுமா?" என்றார் மஹ்ரூப்.

"மூண்டு தரமும்."

"அடேயப்பா! பொஞ்சாதிர பேராவது ஞாபகம் இரிக்கா?"

மறுபடியும் சிரிப்பு. நாகேந்திரம் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆள் அம்பிட்டாச்சு முதலாளி. இவர்ர கையில வண்டியக் குடுத்தா, லண்டன்ல இருந்து தகடு வந்தாலும் எரியும். சொன்ன சொல்லக் காப்பாத்துங்க."

நாகேந்திரம் சட்டைப்பையிலிருந்து லொறிச் சாவியை எடுத்து நீட்டினான்.

சவுந்தரநாயகம் அதைப் பறித்துக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். தேடி வந்த ஆள்தான் கிடைத்துவிட்டானே, இன்னும் ஏன் இந்த மனிதர் கூட்டில் அடைத்த நாய் மாதிரி அலைகிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நாகேந்திரம் வண்டிக்குள் கிடந்த தன் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டான்.

"நில்லடா!"

வந்த வேகத்தில் சாவியை அவனுடைய சட்டைப்பைக்குள் திணித்தார். பிறகு மஹ்ரூப்பின் பக்கம் திரும்பினார். குரல் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை.

"இவன் ஒண்டையும் மறக்கேல்லைக் காணும்! மூண்டு தரமும் கடை வாசல்லை வந்து நிண்டு கேட்டவன்! 'சும்மா செய்து தாறனெண்டு ஒருத்தன் கூப்பிட்டால் அதுக்குள்ளை தந்திரம் இருக்கு, பெற்றோல் கூப்பனைக் கரைக்காதை, போய் மூட்டையை ஏத்து' எண்டு இவனைக் கலைச்ச விசரன் ஒருத்தன் வெள்ளவத்தையிலை மரக்கறிக் கடை வைச்சிருக்கிறான்! இண்டைக்குப் புதுத் தகட்டைப் போடும். நாளைக்கு அந்த விசரனை இஞ்சை கூப்பிட்டு, உந்த ஸ்பானரைக் கையிலை குடுத்து, இத்தனை பேருக்கும் முன்னாலை ஒவ்வொரு நட்டா அவனையே இறுக்கச் சொல்லும்!"