வழி கேட்டவர்

யூட்டா பாலைவனத்தின் அந்தச் சின்ன ஊரில், பயணிகளுக்குத் தகவல் சொல்லும் அலுவலகத்துக்குள் அன்று நுழைந்த முதல் ஆள் அவர்தான். கைபேசியே வழி சொல்லிவிடுகிற காலத்தில், அங்கே வழி சொல்ல உட்கார்ந்திருக்கும் லாரூவைத் தேடி யார் வருகிறார்கள்?

"வாங்க, எந்த ஊர்?"

"ஒஹாயோ. காரை எடுத்துக்கிட்டுத் தனியா கிளம்பிட்டேன். பள்ளத்தாக்கைப் பார்க்கணும். எப்படிப் போறது?"

லாரூ வரைபடத்தை விரித்தாள். "இந்த மண்ரோட்டுல பன்னிரண்டு மைல். மேகம் கறுத்தா உள்ள இறங்காதீங்க. வெள்ளம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்."

"சாயங்காலம் பாறையெல்லாம் எப்படி இருக்கும்?"

"அடுப்புக் கங்கு மாதிரி. ஒரு தடவை பார்த்துட்டு நான் அழுதுட்டேன்."

"அப்படியா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க."

முக்கால் மணி நேரம் சொன்னாள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கென்ட்ரா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "என்ன லாரூ, வண்டியில நம்ம யூட்டா நம்பர் இருக்கு! ஒஹாயோன்னு புளுகிட்டுப் போறாரே?"

"போன வாரம் டெக்சாஸ்னு சொன்னார். பெட்ரோல் பங்குக்குப் பின்னாடிதான் வீடு."

"அட! முகத்துக்கு நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா அப்புறம் வரமாட்டார்." லாரூ வரைபடத்தை மெதுவாக மடித்தாள். "இருபத்தாறு வருஷம் அவருக்குப் பெண்டாட்டியா இருந்தேன், கென்ட்ரா. அப்போ நான் பேச ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுவார்."