ஒன்றேகால் மில்லிமீட்டர்

கருகிய விமானி ஜாக்கெட்டை எஸ்தர், தோல் தரம்பிரிக்கும் உஸ்மான் பாயின் மேசைமேல் விரித்தாள். விபத்தில் அவள் கணவனுடையதாக மிஞ்சியது இதுதான் என்று படைத்தளத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். போன விடுமுறையில், கழுத்தில் உறுத்துகிறதென்று அவன் சொன்னதால் அவன் ஜாக்கெட் காலரிலிருந்து அவளே வெட்டியெடுத்த துண்டையும் பக்கத்தில் வைத்தாள்.

பாய் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் விரலிடுக்கில் உருட்டினார். “துண்டு குதிரைத் தோல். ஜாக்கெட் ஆட்டுத் தோல். மெல்லிசு.”

“நெருப்புல மெலிஞ்சிருக்கும்னு படைத்தளத்து ஆபீசர் சொல்றாரு.”

“நெருப்பு பட்டா தோல் சுருங்கித் தடிக்கும்மா. மெலியவே மெலியாது.”

“உங்க விரலை அவங்க நம்ப மாட்டாங்க பாய். கருவி வச்சு அளந்து எழுதிக் குடுங்க.”

துண்டு ஒன்றேகால் மில்லிமீட்டர்; ஜாக்கெட் முக்கால். எழுதிக் கையெழுத்துப் போட்டார். “அப்ப உங்க வீட்டுக்காரரு...” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எஸ்தர் கருகல் உதிராமல் ஜாக்கெட்டை மடித்தாள்.

“இதைப் போட்டிருந்தவரோட சம்சாரம் இன்னும் வாசலையே பார்த்துக்கிட்டிருப்பா பாய்,” என்றாள். “முதல்ல அவளைக் கண்டுபிடிக்கணும்.”