குறிப்பில் இல்லாத வரி

ஒரு மருத்துவமனையின் மருந்தகத்துக்கு இணையம் தந்துவந்த ரவுட்டரின் பெயர் தெற்குத்தாழை. அங்குள்ள சாதனங்களைப் பெயர் சொன்னால் தேடித் தரும் கருவிக்கு ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. செயற்கை நுண்ணறிவு முகவர் அதைப் படித்துத்தான் வேலை செய்வார். அன்று குறிப்பின் தரத்தைச் சோதிக்க வந்த நிரல், "பிழையே இல்லை, அருமையான நடை!" என்று மெச்சியது.

ரவுட்டர் குறிப்பின் பக்கம் திரும்பியது.

"அம்மணி, கேட்ட பெயர் கிடைக்காவிட்டால் கருவி அதைப்போன்ற வேறு பெயரைக் காட்டிவிடுகிறது. அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்களேன். பக்கத்திலிருந்த வடக்குத்தாழை ரவுட்டரை வேறு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்" என்றது.

"குறைகளைச் சொல்லிக்கொண்டிருக்க நான் என்ன புகார்ப் பெட்டியா? போய் உன் விளக்கைச் சிமிட்டு!" என்றது குறிப்பு. சோதனை நிரல் சிரித்துவிட்டு முழு மதிப்பெண் இட்டது.

மதியம் முகவர் வந்தார். "வடக்குத்தாழையை நிறுத்தச் சொல்லி நேற்றே உத்தரவு. தேடினேன், கருவி உங்களைக் காட்டிற்று."

"ஐயா, நான் தெற்குத்தாழை! மருந்தகத்தில் கூட்டம் காத்து நிற்கிறது!"

முகவர் குறிப்பை மறுபடியும் பொறுமையாகப் படித்தார். "கருவி ஆளை மாற்றிக் காட்டும் என்று இதில் எங்குமே இல்லையே, அண்ணே" என்று மிகுந்த மரியாதையோடு சொல்லி, ரவுட்டரை நிறுத்தினார்.