நோட்டீஸும் தாம்பூலமும்

ஹெப்பாளில் வைஷாலி புதிதாகக் குடியேறிய ஒற்றை அறை வாசலில் பத்மாஸினி மாமி நிற்கிறாள். தன் வீட்டில் குடியிருந்த வைஷாலியை மாமி கோர்ட்டுக்குப் போய்த்தான் காலி செய்ய வைத்தாள்; இன்னும் ஐந்து மாத வாடகை பாக்கியை வாங்கியாக வேண்டும். வரமகாலட்சுமி பூஜையன்று வீட்டில்தான் இருப்பாள் என்று கணக்குப் போட்டு, வக்கீல் நோட்டீஸைக் கவரில் கொண்டு வந்திருக்கிறாள். "வாங்க மாமி! இந்த வீட்டுக்கு வந்த முதல் சுமங்கலி நீங்கதான்." குத்தலா, சந்தோஷமா, புரியவில்லை. அதற்குள் நெற்றியில் குங்குமம் ஏறிவிட்டது. தாம்பூலத்தை இரண்டு கையாலும்தான் வாங்க வேண்டும். "இதைச் செத்த பிடி" என்று மாமி கவரை நீட்டுகிறாள். அன்பளிப்பென்று நினைத்தாளோ என்னவோ, வைஷாலி கவரைக் கண்ணில் ஒற்றிக் கலசத்தின் முன் வைத்துவிட்டுக் காலில் விழுகிறாள். "நன்னா இரு" என்கிறது மாமியின் வாய். வெளியே கம்பெனி பஸ் கடக்க, விளக்குச் சுடர் ஆடுகிறது. கவரைப் பிரிக்கச் சொல்வதா, திருப்பிக் கேட்பதா?