கெதியாய்க் காயும் மண்

“அந்தூரியத்துக்கு வெறும் மணலோ, அன்ரி? ஈரம் இல்லாட்டில் வாடிப்போற கன்று அது. தும்புத்தூள் கலந்து தாறன். ஒருக்காத் தண்ணி விட்டால் நாலு நாள் தாங்கும்,” என்றார் மருதனார்மடத்துப் பூக்கன்றுக் கடைக்காரர்.

“அது வேண்டாம், தம்பி. கெதியாய்க் காயிற மண்ணாய்த் தாரும்,” என்றார் நேசம்மா.

“பிறகு ஒவ்வொரு நாளும் தண்ணி விடவேணுமே!”

“விடுறன்.”

“கன்று செத்தால் என்னைப் பேசக்கூடாது!”

மறுநாள் காலை சாடி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்த நேசம்மா, கைபேசியை எடுத்தார். அவுஸ்திரேலியா போகும்போது அந்தக் கன்றைக் கொடுத்த மகள் மெர்லின், “தண்ணி விடேக்கை எல்லாம் வீடியோ கோல் எடுத்துக் காட்டுங்கோ,” என்று சொல்லியிருந்தாள்.

“நேற்றுத்தானே விட்டனீங்கள், அம்மா?”

“காஞ்சு போச்சு, பிள்ளை,” என்ற நேசம்மா, தண்ணீர்ப் பேணியைக் கீழே வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.