பற்றாத புஸ்வாணம்

தீபாவளி மாலையில் ஒரு வீட்டு வாசலில், பற்ற வைத்தும் எரியாத புஸ்வாணம் ஒன்று நின்றிருந்தது. அருகே தண்ணீர் நிறைந்த வாளி இருந்தது.

"அணைந்துவிட்டாயா?" என்று கேட்டது வாளி.

"எங்கே அணைந்தேன்? உள்ளே பொறி புகைந்துகொண்டுதான் இருக்கிறது," என்றது புஸ்வாணம். "வீட்டுக்காரன் எட்டிப் பார்க்க வரட்டும். அவன் முகத்திலேயே சீறுகிறேன். அப்போது தெரியும் நான் யாரென்று."

"சீற உனக்கு வானம் இருக்கிறதே. அவன் முகம் எதற்கப்பா?"

"வானம் கைதட்டுமா? பொழுதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிற உனக்கு இதெல்லாம் எங்கே புரியும்?"

அதற்குள் வீட்டுக்காரன் மாசிலன் வந்துகொண்டிருந்தான். தானாக நகர வாளிக்குக் கால் இல்லை.

மாசிலன் புஸ்வாணத்தின் மேல் குனிந்தான்.

"ஏங்க, தள்ளுங்க," என்று ஓடிவந்த அவன் மனைவி அல்லி, வாளியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தாள். புஸ்வாணம் ஒருமுறை உறுமி அடங்கியது.

"நல்ல புஸ்வாணம். பாழாக்கிட்டியே," என்றான் மாசிலன்.

வாளி காலியாக ஓரத்தில் உருண்டு கிடந்தது. மாசிலன் பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு, நனைந்த புஸ்வாணத்தை இரண்டு கண்ணாலும் பார்த்துப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டிருந்தான்.